டீ கப் சின்னமும் மூன்று நாள் பட்டினியும்

மேடை ஏறி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தேர்தலில் ஜெயித்தவன் நான். அதுவும் ஒரு முறை அல்ல. அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் கேம்பில் தேர்தல் வைத்த ஒவ்வொரு முறையும் டீ கப் சின்னத்தில் நின்று ஜெயித்தேன். ஊரில் இதைச் சொன்னால் என் கூடப் பிறந்த தம்பியே சிரிக்கிறான். "நீயா? கல்யாண வீட்ல தண்ணி கேக்கவே கூச்சப்படுவியே!" என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு முத்துதான் காரணம். என்னோடு ஸ்கஃபோல்டிங், அதாவது சாரம் கட்டுகிற வேலை பார்த்தவன். போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அண்ணே, கமிட்டி எலெக்‌ஷன் அறிவிச்சுட்டாங்க. இந்த வாட்டி பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது, எல்லாம் போன்லயே அமுக்குறதாம். உங்க இடத்துக்கு நான்தான் நிக்கிறேன். கூட்டத்துல என்ன பேசணும்னு ரெண்டு வரி அனுப்புங்கண்ணே."

என்னிடம் போய் என்ன பேசுவது என்று கேட்கிறான்! விசாவை கேன்சல் செய்துவிட்டு, ஊருக்கு டிக்கெட் வரும்வரை துபாய் தேராவில் நண்பர் சாகுல் பாயின் மசாலாக் கடைக்கு மேலே உள்ள அறையில் தங்கியிருக்கிறேன். கீழே ஏலக்காய் மூட்டை பிரிக்கிற வாசம் இங்கே வரை வருகிறது. இரண்டு வரியில் அடங்காததால் முழுக்கவே எழுதுகிறேன். முத்து மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எனக்கு ஜெயங்கொண்டம் பக்கம். பெயர் கலியமூர்த்தி. பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்கிற "உள்ளேன் ஐயா" எனக்கே கேட்காது. அதனால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் ஆப்சென்ட் வாங்கியவன் நான். ஏஜென்ட் மூலம் ஹெல்பராக வந்து, பைப் சுமந்து, கிளாம்ப் முடுக்கக் கற்று, பிறகு சாரம் கட்டுகிறவனாகி, கடைசியில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளராகவும் ஆனேன். சாரத்தின் மேல் பேச வேண்டியதில்லை. கையைக் காட்டினால் போதும். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்தது. இப்படியே ஓட்டிவிட்டுப் போயிருப்பேன். ஜோசேவா வந்து கெடுத்தார்.

ஜோசேவா எங்கள் கேம்ப் பாஸாக, அதாவது தங்குமிடத்துப் பொறுப்பாளராக வந்தவர். பிஜி தீவுக்காரர். ஆள் என்றால் அப்படி ஓர் ஆள்! எங்கள் அறைக் கதவில் நேராக நுழைய முடியாது, தோளைச் சாய்த்துத்தான் நுழைவார். வந்த அன்று சாயங்காலம் அவர் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்ததை மறக்க முடியாது. பிளாக் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"டேய், நம்ம ஆளுடா! கைலி கட்டியிருக்காரு!" என்று கத்தினான் செல்வராஜ்.

செல்வராஜ் என் ரூம்மேட். அரியலூர்க்காரன். என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. எனக்கு எவ்வளவு கூச்சமோ அவனுக்கு அவ்வளவு வாய். நேராக அவரிடம் போய், "சார், கைலி எங்க வாங்குனீங்க?" என்று இந்தியில் கேட்டுவிட்டான். அது சூலுவாம், அவர்கள் ஊர் உடுப்பாம். வேலைக்கு, கோயிலுக்கு, கூட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கட்டுவார்களாம். அவர் பேசிய இந்தியும் ஒரு தினுசு. அவர் ஊரில் கரும்புத் தோட்டத்து இந்தியக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் வந்த இந்தி. பீகார்க்காரர்கள்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் இந்திக்கு அது சரியான ஜோடி!

அவர் அரசியல்வாதி என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அவருடைய மாகாண சபையில் உறுப்பினராக இருந்தவர். அவருடைய தொகுதி முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். ஓட்டுக் கேட்க மோட்டார் படகில்தான் போக வேண்டுமாம். ஒரு தீவுக்குப் படகுத்துறை வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கட்டியும் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடமே புயல் வந்து துறையை வாரிக்கொண்டு போய்விட்டது. தேர்தலில் தோற்றுப் போனார்.

"துறையை நான் கொண்டு வந்தேன். புயல் கொண்டு போச்சு. ஆனா ஓட்டு குறைஞ்சது எனக்கு!" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். அதன் பிறகுதான் செக்யூரிட்டி வேலைக்கு வளைகுடா வந்து, படிப்படியாக கேம்ப் பாஸ் ஆகியிருக்கிறார்.

அவருடைய முறை ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், முத்துவுக்கு அதுதான் தேவை. மற்ற கேம்ப் பாஸ்கள் கதவை ஒரு தட்டு தட்டி, வாசலில் நின்றபடி, "ஏய், யல்லா! யார் இங்கே சிகரெட் பிடிச்சது?" என்று கேட்பார்கள். ஜோசேவா அப்படி வரமாட்டார். செருப்பை வெளியே விடுவார். ஒரு டீத்தூள் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். கட்டில் காலியாக இருந்தாலும் தரையில்தான் உட்காருவார். டீத்தூளை நடுவில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நாமாக "என்ன சார் விஷயம்?" என்று கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்.

அவர்கள் ஊர் வழக்கம் அது. எந்த ஊருக்குள் போனாலும் முதலில் ஒரு வகை வேர்க்கட்டைக் காணிக்கையாக வைத்து, யார் வந்திருக்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, அவர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சே. உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவாம். இங்கே அந்த வேர் கிடைக்காது. அதனால் டீத்தூள்.

எங்கள் கம்பெனியில் தொழிலாளர் நலக் கமிட்டி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பிளாக்குக்கு ஒரு பிரதிநிதி. பஸ், தண்ணீர், மெஸ், ரூம் ஏசி எல்லாம் அதில் பேசலாம். நியமனமா தேர்தலா என்ற பேச்சு வந்தபோது, ஜோசேவா பிடிவாதமாகத் தேர்தல் என்று நின்றார். எங்கள் பிளாக்கில் எல்லாரும் தமிழ் ஆட்கள். செல்வராஜ் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான். வேறு யாரும் கொடுக்கவில்லை.

ஜோசேவா எங்கள் அறைக்கு டீத்தூளோடு வந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன், என்ன சார் என்று.

"போட்டி இல்லாம வந்தவன் பேச்சுக்கு மீட்டிங்ல மதிப்பு இருக்காது. செல்வராஜை எதிர்த்து ஒருத்தன் வேணும்" என்றார்.

மேல் கட்டிலிலிருந்து செல்வராஜ் எட்டிப் பார்த்தான். "சார், இந்தா இருக்கான் பாருங்க. இவனையே போடுங்க. ஒரு தொந்தரவும் இருக்காது."

அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே! நான் திறப்பதற்குள் ஜோசேவா என் பெயரை எழுதிவிட்டார்.

ஓட்டுச்சீட்டில் பெயர் மட்டும் போட்டு அச்சடிக்க ஏற்பாடு நடந்தது. எங்கள் ஆட்கள் விடவில்லை.

"சின்னம் இல்லாம எப்படி சார் ஓட்டுப் போடுறது?"

"பேர் இருக்கே?"

"பேர் இருந்தா? சின்னம் எங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படி ஒரு குஷி அவருக்கு! நான் இத்தனை வருடம் அரசியல் செய்து இது தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். செல்வராஜ் பாய்ந்துபோய் ஹெல்மெட் சின்னத்தைப் பிடித்துக்கொண்டான். அது எல்லார் தலையிலும் இருக்கிற சின்னம், பாதி ஓட்டு அதிலேயே விழுந்துவிடும் என்று கணக்கு. என்னைக் கேட்டார்கள். நான் வழக்கம்போல முழித்தேன். கையில் காகித டீ கப் இருந்தது. ஜோசேவா அதைப் பார்த்து வரைந்துவிட்டார்.

செல்வராஜ் பிரசாரம் செய்தான் பாருங்கள், அது பிரசாரம்! டூட்டி முடிந்து பஸ் வந்து நின்றதும் படியிலேயே நின்று பேசுவான். "எனதருமை பிளாக் மக்களே! ஏசி ஓடுதா? ஓடல! தண்ணி வருதா? வருது, ஆனா சூடா வருது! கேப்பார் உண்டா? மாஃபி! இல்லவே இல்ல! போடுங்கய்யா ஓட்டு ஹெல்மெட்டைப் பார்த்து!" மொழி புரியாத இந்திக்காரர்கள்கூட நின்று கைதட்டினார்கள்.

எனக்கு ஜோசேவா சொன்னது ஒன்றே ஒன்று. "கலி பாய், ஒவ்வொரு ரூமுக்கும் போ. உள்ளே போ. உட்காரு. அவ்வளவுதான்."

போனேன். உட்கார்ந்தேன். நம் ஆட்கள் உள்ளே ஒருவன் வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? "சாப்ட்டியா?" என்றுதான். எனக்கும் பதிலுக்கு அதைத்தான் கேட்க வரும். அதற்குப் பிறகு அவர்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். கீழ்க்கட்டில்காரருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு இரவு டூட்டி, பகலில் தூங்க முடியாமல் பக்கத்து அறையில் டிவி. இன்னொருவருக்கு லீவு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. நான் உம் கொட்டுவேன். ஒரு டீ தருவார்கள், குடிப்பேன், எழுந்து வந்துவிடுவேன். ஓட்டுக் கேட்க எனக்குக் கூச்சம். ஓர் அறையிலும் கேட்கவில்லை.

பெட்டி பிஸ்கட் அட்டைப்பெட்டி. மேலே ஒரு கீறல். மெஸ் ஹாலில் எல்லார் கண் முன்னாலும் எண்ணினார்கள். ஜோசேவா ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டிப் படித்தார். "டீ கப்... ஹெல்மெட்... டீ கப்... டீ கப்... டீ கப்..." பாதியிலேயே எழுந்து பாத்ரூம் போய்விட்டேன். திரும்பி வந்ததும் தூக்கி ஜோசேவாவின் தோளில் உட்கார வைத்துவிட்டார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, கீழே கூச்சல், நான் பயத்தில் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்!

செல்வராஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மேல் கட்டிலிலிருந்து தலை தொங்கியது.

"ஏன் மாப்ள, ஒரு வார்த்தை பேசலியே நீ. எப்படிடா ஜெயிச்ச?"

"தெரியலடா."

எதிர்க் கட்டில் ராசுதான் பதில் சொன்னார். "நீ வந்தா நீ பேசுற. அவன் வந்தா நாங்க பேசுறோம். அதான்."

"அப்ப மீட்டிங்ல எவன் பேசுவான்?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் என் வாய். கேட்டு வருவது நான், எடுத்துச் சொல்வது அவன். கமிட்டி விதிப்படி பிரதிநிதி தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துப் போகலாம் என்று ஜோசேவாவே ஒரு வழியும் கண்டுபிடித்தார். இப்படிக் குடிநீர்க் குழாய்க்கு நிழல்கூரை வாங்கினோம். இரவு டூட்டி ஆட்களுக்குத் தனி வரிசை அறைகள் வாங்கினோம். அந்தக் கூரை இன்னும் இருக்கிறது. இங்கே வருகிற புயல் வெறும் மணல்தானே என்று ஜோசேவா அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

இப்போது அந்த மூன்று நாள் பட்டினிக்கு வருகிறேன்.

கோடைக்காலம். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை. அந்த நேரத்தில் மெஸ் கான்ட்ராக்ட் கை மாறியது. புதுக் கம்பெனியின் குடோனில் ஏதோ குளறுபடி. அரிசி வர வேண்டிய வண்டியில் கோதுமை மாவு மூட்டைகளாக வந்து இறங்கின. அரிசி நாளை வரும், நாளை வரும் என்றார்கள். சமையல்காரர் தில் பகதூர், நேபாளி, நல்ல மனிதர். சும்மா இருக்கவில்லை. விடியுமுன்னே எழுந்து சப்பாத்தியாகப் போட்டுக் குவித்தார். பருப்பு, உருளைக்கிழங்கு, கோழிக் குழம்பு, குறையே இல்லை. எங்கள் ஆட்களும் வெளுத்துக் கட்டினார்கள்.

நான்காம் நாள் காலை, அட்மின் மேனேஜர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். எகிப்துக்காரர். கறாரானவர், ஆனால் நியாயஸ்தர். வெயிலில் யாருக்காவது மயக்கம் வருகிறதா, தண்ணீர் குடிக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். நான் சும்மா நின்றேன். என் வாய் சும்மா நிற்குமா?

"சார்! தீன் தின் ஸே கானா நஹி!" என்றான் செல்வராஜ். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை.

மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். "சாப்பாடு இல்லையா? யாருக்கு?"

"எல்லாருக்கும் சார். பிளாக் முழுக்க." திரும்பி எங்களைப் பார்த்தான். "இருக்காடா? சொல்லுங்கடா!"

"நஹி சார், நஹி சார்" என்று பஸ் முழுக்கக் கோரஸ்.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். இந்த வெயிலில், சாரத்தின் உச்சியில் ஏறுகிற ஆட்களுக்கு மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லை என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? எவனாவது மயங்கி விழுந்தால்? எங்கள் பஸ்ஸை அங்கேயே நிறுத்திவிட்டார். போனை எடுத்தார். சமையல்காரரை இன்றே அனுப்பு, விசா கேன்சல், கலாஸ், முடிந்தது!

அரைமணி நேரத்தில் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிட்டது. பகதூர் கையில் ஒட்டிய மாவோடு சமையல்கட்டு வாசலில் நின்றார். "நான் என்ன தப்பு செஞ்சேன்? ரொட்டி குறைஞ்சுதா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார். அவர் மகளுக்கு ஊரில் நர்சிங் படிப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் அது தெரியும்.

அதற்குள் ஒரு சூப்பர்வைசர் மேனேஜரிடம் போய், "நானே பார்த்தேன், மூணு வேளையும் சாப்பிட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்குக் கோபம் இரட்டிப்பானது. சமையல்காரர் பொய்யா, தொழிலாளி பொய்யா? மதியம் விசாரணை. பொய் சொன்னது யாரோ அவர் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

அறைக்கு ஓடிவந்தேன். செல்வராஜ் கட்டிலில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? மூணு நாளா சாப்பாடு இல்லதானே?"

"நேத்து எத்தனை சப்பாத்தி தின்ன?"

"எட்டு."

"அப்புறம் என்னடா?"

"அது டிபன்டா!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி! ராசுவைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சோறு தின்றால்தான் நமக்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் வயிற்றில் கிடக்கும், கணக்கில் வராது. ஆனால் இதை எப்படி ஒரு எகிப்துக்காரரிடம் விளக்குவது? பகதூரைக் காப்பாற்றினால் செல்வராஜ் பொய்யனாகிறான். செல்வராஜைக் காப்பாற்றினால் பகதூர் போகிறார். இரண்டு பேரில் ஒருவர் அன்று சாயங்கால வண்டியில் ஏறுவது உறுதி.

ஜோசேவா கூப்பிட்டு அனுப்பினார். "விசாரணையில் செல்வராஜ் பேசக்கூடாது, அவன் பேரில்தான் புகார். நான் பேசினா கேம்ப் பாஸ் பூசி மெழுகுறான்னு ஆகும். ஓட்டு வாங்கினவன் நீ. நீதான் பேசணும்."

"சார், எனக்கு வராது சார்."

அவர் பிளாஸ்க்கை எடுத்தார். ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மேனேஜர் அறை. ஏசிக் குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் பகதூர் ஓர் ஓரம், செல்வராஜ் ஓர் ஓரம், நடுவில் நான், என் பின்னால் ஜோசேவா. எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்.

"நீதானே பிரதிநிதி? சொல். சாப்பாடு கொடுத்தாரா, இல்லையா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தை."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அதே காற்று. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, அறை அறையாகப் போய்ச் செய்து பழகியதைச் செய்துவிட்டேன். அவருடைய கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன இது?" என்று மேனேஜர் பாதி எழுந்தார்.

அடுத்த நொடி ஜோசேவாவும் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு தரையில் இறங்கியதில் மேசையில் இருந்த பேனா உருண்டது. தரையில் உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் அவரால் நிற்க முடியாதே! இரண்டு பேர் உட்கார்ந்ததும் செல்வராஜும் உட்கார்ந்தான். பகதூருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் அவரும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் பகதூர். ஆள் வாடிப் போயிருந்தார். பக்கத்தில் ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான். அதுதான் வந்தது.

"பகதூர் பாய், கானா காயா?"

சாப்பிட்டீர்களா என்று கேட்டதுதான் தாமதம், அந்த மனிதர் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெடித்தார்.

"எங்கே சாப்பிட? மூணு நாளா நானும்தான் சாப்பிடல! அரிசி எங்கே இருக்கு?"

மேனேஜர் மெதுவாகத் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சமையல்காரன். நீயும் சாப்பிடவில்லையா?"

"இல்லை சாப்."

"அப்போ ரொட்டி?"

"ரொட்டி தின்னேன் சாப். பத்து தின்னேன். அது நொறுக்குத் தீனி. எங்க ஊர்ல பாத் தின்னாதான் சாப்பிட்ட மாதிரி." பாத் என்றால் சோறு.

செல்வராஜ் துள்ளிவிட்டான். "சார்! அதான் சார்! அதையேதான் நானும் சொன்னேன்!"

மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பத்து ரொட்டி தின்றவன் பட்டினி என்கிறான், எட்டு தின்றவன் பட்டினி என்கிறான். பைத்தியங்களா இவர்கள் என்ற பார்வை. அப்போதுதான் ஜோசேவா தொண்டையைச் செருமினார்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? எங்க தீவுல கிழங்குதான் சாப்பாடு. மரவள்ளி, சேம்பு. அதை நாங்க 'நிஜமான சாப்பாடு'ன்னு சொல்வோம். மீனும் கறியும் அதுக்குத் தொட்டுக்கறதுதான். கிழங்கு இல்லேன்னா சாப்பிடலைன்னுதான் அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படிப் பார்த்தா நான் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷமா சாப்பிடவே இல்லை சார்."

மேனேஜரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்குப் பயம் போய், நாங்களும் சிரிக்க, வெளியே இருந்த டைப்பிஸ்ட் கதவைத் திறந்து பார்த்தார். தரையில் நான்கு பேர், நாற்காலியில் ஒருவர், ஐந்து பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

சிரித்து முடித்து அவர் சொன்னார். எகிப்தில் ரொட்டிக்கு அவர்கள் சொல்கிற வார்த்தைக்கே உயிர்வாழ்வு என்றுதான் அர்த்தமாம். மேசை நிறையச் சோறு வைத்தாலும், ரொட்டி இல்லையென்றால் அவருக்கும் சாப்பிட்டதாகத் தோன்றாதாம். போனை எடுத்து, சமையல்காரரை அனுப்பச் சொன்னதை ரத்து செய்தார். பிறகு மெஸ் கம்பெனிக்கு ஒரு போன். "அரிசி. நாளைக்கு இல்லை. இன்றைக்கு. என் ஆட்கள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை!" என்று அதே வார்த்தையைச் சொன்னாரே! செல்வராஜ் என் தொடையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

வெளியே அனுப்பும்போது அவனை மட்டும் நிறுத்தினார். "அடுத்த தடவை அரிசி இல்லை என்று சொல்."

"அதைத்தானே சார் சொன்னேன்" என்றான். ஜோசேவா அவனைத் தோளோடு தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அரிசி வண்டி வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்தது. புழுங்கல் அரிசி! மூட்டையை இறக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. டூட்டியிலிருந்து வந்தவர்கள் மேலே போட்டிருந்த வேலை உடுப்பைக்கூடக் கழற்றாமல் தோள் கொடுத்தார்கள். பகதூர் உலை வைத்தார். சோறு கொதிக்கிற வாசம் வராந்தாவில் வந்தபோது ஒருவன் விசில் அடித்தான். வடித்து முடித்ததும் அவர் வழக்கம்போலக் கரண்டியோடு கவுன்டருக்குப் போனார். செல்வராஜ் விடவில்லை. கரண்டியைப் பிடுங்கி, அவரை பெஞ்சில் உட்கார வைத்து, தட்டு நிறையச் சோறு போட்டுப் பருப்பை ஊற்றினான்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க பாய். மூணு நாளாச்சு."

பகதூர் முதல் வாய் வைக்கிற வரைக்கும் வரிசையில் ஒருவரும் நகரவில்லை.

அதன் பிறகு கமிட்டியில் ஒரு நடைமுறை மாறியது. மெஸ் பற்றிப் பேசும்போது, சாப்பாடு வந்ததா என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் பிளாக்குக்குச் சோறு வந்ததா, உங்களுக்கு ரொட்டி வந்ததா என்று பிளாக் பிளாக்காகக் கேட்பார் ஜோசேவா. கடைசியில், "எனக்குக் கிழங்கு வரல" என்று தானே சொல்லி முடிப்பார். எத்தனை முறை கேட்டாலும் அதற்குச் சிரிப்போம்.

நான் தேர்தலில் தொடர்ந்து நின்றேன், தொடர்ந்து ஜெயித்தேன். மேனேஜர் அறையில் கார்ப்பெட்டில் உட்கார்ந்த கதை கேம்ப் கேம்பாகப் பரவிவிட்டது. சவூதியின் தம்மாமிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், "தரையில உக்காந்து கேஸ் ஜெயிச்ச ஆள் நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன்.

ஜோசேவா போன வருடம் ஊருக்குப் போய்விட்டார். மறுபடி மாகாண சபைக்கு நிற்கப் போவதாகச் சொன்னார். கிளம்புகிற அன்று எங்கள் அறைக்கு வந்தார். டீத்தூள் பாக்கெட்டை இரண்டு கையாலும் வைத்தார். உட்கார்ந்தார். நாங்கள் யாரும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிட்டுப் போய்விடுவாரே என்று அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

முத்து, நீ கேட்ட இரண்டு வரி இதுதான். கூட்டத்தில் நீ பேச வேண்டாம், பேசுவதற்கு ஒரு செல்வராஜ் எங்கும் கிடைப்பான். நீ ரூமுக்குள் போ. உட்காரு. போனில் அமுக்குகிற தேர்தலாக இருந்தாலும், அமுக்குகிறவன் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, கீழே கடையிலிருந்து சாகுல் பாய் குரல் கொடுத்தார், சாப்பிட வாருங்கள் என்று. எழுந்தபோது போன் ஒலித்தது. ஜோசேவாவிடமிருந்து ஒரு படம். பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சூலு கட்டிக்கொண்டு அவர். பின்னால் கடல், அதில் புதிதாக ஒரு படகுத்துறை. அவர் முன்னால் வாழை இலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு மலைபோலக் குவிந்திருக்கிறது. ஜெயித்தாரா தோற்றாரா என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே வாய்ஸ் மெசேஜ் இருந்தது. அவருடைய அதே தினுசான இந்தி, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே:

"கலி பாய்! ஜெயிச்சுட்டேன். அது கிடக்கட்டும். இன்னைக்குச் சாப்பிட்டேன்!"